பதிமூன்றில் ஒரு பங்கு பைப்பை எப்படி எழுதுவது?

சேலத்தில் அப்பாவின் பீரோ பட்டறையை ஏற்று நடத்தும் ஒருவரின் கேள்வி இது. உற்பத்தித் திட்ட மென்பொருள் போட்டு ஆறு மாதம் ஆகிறது. ஆறு மீட்டர் பைப் ஒன்றில் 13 ஹேங்கர் கம்பி வெட்டலாம் என்பதால், ஒரு பீரோவுக்கு 0.077 பைப் என்று பிஓஎம்மில், அதாவது ஒரு பொருளைச் செய்ய எதெது எவ்வளவு வேண்டும் என்ற பட்டியலில், எழுதியிருக்கிறார். 130 பீரோவுக்கு 10 பைப் போதும். மென்பொருள் 11 வாங்கச் சொல்கிறது. கீலுக்குத் தடவும் கிரீஸின் தேவை பூஜ்யம் என்று காட்டுகிறது. ஸ்டோரில் 1.4 ஷீட் இருப்பதாகக் கணக்கு சொல்ல, போய்ப் பார்த்தால் முழு ஷீட் ஒன்றுகூட இல்லை. "எல்லாவற்றையும் முழு எண்ணாக மாற்றிவிடட்டுமா, இல்லை தசமப் புள்ளிக்குப் பின்னால் ஆறு இலக்கம் வைத்துவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

இரண்டும் வேண்டாம். சேலம், ஈரோடு, நாமக்கல் பக்கம் பட்டறைகளிலும் சிறு ஆலைகளிலும் இந்த வேலையைத்தான் பல வருடமாகச் செய்து வருகிறேன். பின்னத்தால் வரும் தகராறில் பெரும்பாலானவை இலக்கம் போதாமல் வருவதில்லை. பட்டறையில் நடக்கும் ஒரு காரியத்தைத் தவறான அலகில் எழுதியதால் வருகின்றன. உங்களுடைய மூன்று தொல்லைகளும் மூன்று வேறு நோய்கள். ஒரே மருந்து கொடுத்தால் ஒன்று குணமாகி இரண்டு கெடும்.

முதலில் பைப். உங்கள் ஹேங்கர் கம்பி 455 மில்லிமீட்டர், அறுக்கும் பிளேடு தின்பது 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கம்பிக்கு 458. பதிமூன்று கம்பிக்கு 5954. ஆறாயிரத்தில் மீதி 46 மில்லிமீட்டர், அது இரும்புக் கடைக்குப் போகிறது. ஆக ஒரு கம்பிக்கு ஒரு பைப்பில் பதிமூன்றில் ஒரு பங்கு. அதைத் தசமத்தில் எழுதினால் 0.076923 என்று ஆரம்பித்து முடிவில்லாமல் போகும். மூன்று இலக்கத்துக்குச் சுருக்கி 0.077 என்று எழுதும்போதே பொய் நுழைந்துவிட்டது. 0.077ஐ 130ஆல் பெருக்கினால் 10.01. அந்த 0.01க்காக மென்பொருள் மேலே முழுதாக்கி 11 என்கிறது. இரண்டு இலக்கம் மட்டும் வைத்து 0.08 என்று எழுதும் பட்டறைகளையும் பார்த்திருக்கிறேன். அங்கே 1300 பீரோவுக்கு 100 பைப் வேண்டிய இடத்தில் 104 வரும்.

இதற்கு நேர் எதிரானதுதான் இன்னும் ஆபத்து. ஒரு பைப்பில் மூன்று துண்டு வரும் சாமானுக்கு 0.333 என்று எழுதுகிறோம். 3000 துண்டுக்கு 999 பைப் என்று வரும். ஆயிரமாவது பைப்பை யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். கூடுதலாக வாங்கியது ஸ்டோரில் கிடக்கும், கண்ணில் படும். குறைவாக வாங்கியது கடைசி நாள் மாலையில்தான் தெரியும், லாரி வாசலில் நிற்கும்போது.

சரி, ஆறு இலக்கம் வைத்தால்? ஒரு ஷீட்டில் ஆறு துண்டு வரும் ஒன்றை 0.166667 என்று எழுதிப் பாருங்கள். ஆறு துண்டுக்கு 1.000002 வரும். மேலே முழுதாக்கும் மென்பொருள் இரண்டு ஷீட் கேட்கும். இலக்கத்தைக் கூட்டினால் பிழை சிறிதாகும், ஆனால் மேலே முழுதாக்கும் கணக்குக்குப் பிழை சிறிதா பெரிதா என்பது பொருட்டில்லை, இருந்தாலே போதும். போதாக்குறைக்கு, கணினி தசமத்தை 0, 1 மட்டும் கொண்ட இரும எண்ணில் வைத்திருப்பதால் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினாலே பல நிரல் மொழிகளில் 0.30000000000000004 என்று வரும். நல்ல மென்பொருளில் முழுதாக்கும் முன் இப்படிப்பட்ட தூசியைத் துடைக்கும் வரி ஒன்று இருக்கும். சொந்தமாக நிரல் எழுதி வாங்கியவர்கள், அல்லது எக்செல்லில் ஓட்டுகிறவர்கள், அந்த வரி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ப் பழைய கணக்குப்பிள்ளைகள் இந்தத் தொல்லையை வேறு விதமாகத் தீர்த்தார்கள். அவர்களிடம் தசமம் கிடையாது. முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. நாலு முந்திரி ஒரு காணி, பதினாறு முந்திரி ஒரு மா, இருபது முந்திரி ஒரு மாகாணி, நாற்பது முந்திரி அரைக்கால். கால், அரை, முக்கால் எல்லாம் அதில் மிச்சமில்லாமல் அடங்கும். அடிப்படை அலகைச் சின்னதாகவும் நன்றாக வகுபடக்கூடியதாகவும் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்கு மேல் முழு எண்ணிலேயே கணக்கு நடத்தினார்கள். ஆனால் மூன்றில் ஒன்றுக்கும் பதிமூன்றில் ஒன்றுக்கும் அந்த வாய்பாட்டிலும் சரியான இடம் இல்லை. அப்படிப்பட்டதை வகுக்காமல், "பதிமூன்றுக்கு ஒன்று" என்று விகிதமாகவே வைத்திருப்பதுதான் வழி.

இதை உங்கள் மென்பொருளிலேயே செய்யலாம். பிஓஎம்மின் தலைப்பில் "எத்தனை எண்ணத்துக்கு" என்று ஒரு கட்டம் இருக்கும். எஸ்ஏபி என்ற மென்பொருளில் அது அடிப்படை அளவு. ஓடூ, ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற மென்பொருள்களில் வெறும் அளவு என்று இருக்கும். எல்லோரும் அதில் 1 என்றே விட்டுவிடுகிறார்கள். அந்தக் கட்டம் இந்த மாதிரி இடத்துக்காகவே இருக்கிறது. ஆனால் பீரோவின் பிஓஎம்மில் அதை 13 என்று மாற்றிவிடாதீர்கள். அதில் கைப்பிடியும் பூட்டும் கீலும் இருக்கின்றன, அவற்றையெல்லாம் பதிமூன்றால் பெருக்கி எழுத வேண்டிவரும். ஹேங்கர் கம்பி என்று தனியாக ஒரு பொருளை உண்டாக்குங்கள். அதற்குச் சின்னதாக ஒரு பிஓஎம்: 13 கம்பிக்கு 1 பைப். அவ்வளவுதான். பீரோவின் பிஓஎம்மில் ஹேங்கர் கம்பி 1 எண்ணம். கம்பியை எப்போதும் 13இன் மடங்கில் வெட்டுவது என்று ஆர்டர் அளவையும் வைத்துவிடுங்கள்.

இப்போது கணக்கும் பட்டறையும் ஒரே மொழி பேசும். எட்டு பீரோவுக்கு ஒரு பைப்பை அறுத்தால் 13 கம்பி வருகிறது, எட்டு போகிறது, ஐந்து ரேக்கில் நிற்கிறது. மென்பொருளிலும் ஐந்து கம்பி இருப்பு. முன்பு 0.385 பைப் என்று காட்டியதே, அதை யாராவது கையில் தூக்கிப் பார்த்திருப்பார்களா? ஐந்து கம்பியை எண்ணலாம். அடுத்த ஆர்டர் வரும்போது மென்பொருள் முதலில் இந்த ஐந்தை எடுத்துக்கொள்ளும். ஒரு பொருள் கூடுதலாகிவிட்டதே என்று சங்கடப்படாதீர்கள். பின்னத்தை விழுங்குவதற்கு இடையில் ஒரு பொருளை வைப்பதைப் போலச் சுத்தமான வழி வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

அடுத்தது ஷீட். இதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் பணத்தில் பெரும்பகுதி அங்கேதான் படுத்திருக்கிறது.

எட்டடிக்கு நாலடி ஷீட், அதாவது 2440க்கு 1220 மில்லிமீட்டர், 0.8 மில்லிமீட்டர் கனம். இரும்பின் அடர்த்தியை வைத்துப் போட்டால் ஒரு ஷீட் சுமார் 18.7 கிலோ. கடைக்காரர் கிலோவில் விற்கிறார். ஸ்டோர்காரர் ஷீட்டாக எண்ணுகிறார். மேஸ்திரி ஷெல்ஃபாக வெட்டுகிறார். மூன்று பேருக்கும் மூன்று அலகு. நான் வேலை செய்த ஒரு பட்டறையில் ஷெல்ஃபுக்கான விரிப்பளவு, அதாவது மடிக்கும் முன் வெட்டும் அளவு, 950க்கு 530. அங்கே பிஓஎம் எழுதியவர் ஷெல்ஃபைத் தராசில் வைத்து 3.16 கிலோ என்று எழுதியிருந்தார். தராசு பொய் சொல்லவில்லை. ஆனால் 100 ஷெல்ஃபுக்கு 316 கிலோ, அதாவது 17 ஷீட் போதும் என்று மென்பொருள் சொன்னது. 17 ஷீட்டை வைத்து 100 ஷெல்ஃப் வெட்ட ஒருவராலும் முடியாது. ஷெல்ஃபில் தங்கும் எடை வேறு, ஷெல்ஃபுக்காகச் செலவாகும் எடை வேறு. பிஓஎம்மில் எழுத வேண்டியது இரண்டாவது.

எத்தனை ஷீட் வேண்டும் என்று அங்கிருந்த வயதான மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் சாக்பீஸை எடுத்துக்கொண்டு தரையில் கிடந்த ஷீட்டில் கோடு போட ஆரம்பித்தார். நீளவாட்டில் 950, அதற்குப் பக்கத்தில் இன்னொரு 950, இரண்டு வரிசை. நாலு ஷெல்ஃப் ஆயிற்று. மீதி ஓரத்தில் 540 அகலத்துக்கு ஒரு பட்டை. அதைக் காட்டி, "பசங்க இதை அப்படியே பழசுல தள்ளிடுவாங்க சார். இப்படித் திருப்பிப் போட்டா இன்னொண்ணு வரும் பாருங்க" என்று 530ஐ அகலத்திலும் 950ஐ உயரத்திலும் வைத்துக் கோடிழுத்தார். பத்து மில்லிமீட்டர் மிச்சத்தில் ஐந்தாவது ஷெல்ஃப் உட்கார்ந்தது. அவர் வெட்டினால் 100க்கு 20 ஷீட். இரவு ஷிப்டில் பையன்கள் வெட்டினால் 25. பிஓஎம்மில் 0.2 என்று இருந்தது, அவர் கணக்குப்படி சரி. ஆனால் மாதக் கடைசியில் ஷீட் குறைந்தபோது ஸ்டோர்காரரைத்தான் எல்லோரும் சந்தேகப்பட்டார்கள்.

0.2 என்பது பார்க்க அழகான, மிச்சமில்லாத தசமம். அதனால்தான் யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை. பின்னத்துக்குப் பின்னால் ஒரு வெட்டு முறை ஒளிந்திருக்கிறது. அந்த முறையைப் படமாக வரைந்து வெட்டும் மெஷினுக்கு மேலே ஒட்டியபிறகுதான் அங்கே 0.2 உண்மையாயிற்று. உங்கள் ஷெல்ஃபுக்கும் முதலில் தரையில் கோடு போட்டுப் பார்த்துவிட்டு, "5 ஷெல்ஃபுக்கு 1 ஷீட்" என்று பைப்பைப் போலவே தனி பிஓஎம் எழுதுங்கள்.

உங்கள் 1.4 ஷீட் எங்கே போயிற்று என்பதற்கும் பதில் இங்கேதான். எங்கும் போகவில்லை, துண்டு துண்டாகச் சுவரோரம் சாத்தியிருக்கிறது. அரை ஷீட்டும் அரை ஷீட்டும் சேர்ந்தால் மென்பொருளுக்கு ஒரு ஷீட். பட்டறைக்கு அது இரண்டு அரை ஷீட்தான், எத்தனை நாள் பக்கத்தில் வைத்தாலும் ஒட்டாது. பவுடர், எண்ணெய், தின்னர் போன்றவற்றைப் பின்னமாகக் கூட்டலாம். ஷீட், பைப், கண்ணாடி, ரெக்சின் போன்றவற்றைக் கூட்டக் கூடாது. கிலோவில் இருப்பு வைத்தாலும் இதே கதைதான்: 37 கிலோ இருக்கிறது என்றால் இரண்டு ஷீட்டா, வெட்டி மிஞ்சிய துண்டாக இருபது பிட்டா என்று தெரியாது. ஆகவே ஷீட்டின் இருப்பு அலகு எண்ணமாக இருக்கட்டும், அதில் பின்னத்துக்கு அனுமதியே வேண்டாம். ஈஆர்பிநெக்ஸ்டில் அலகுக்கு "முழு எண்ணாக மட்டுமே" என்று ஒரு டிக் இருக்கிறது, போட்டுவிட்டால் அந்த அலகில் பின்னம் எழுத விடாது. கிலோ என்பது வாங்கும் அலகு மட்டும். கனத்தில் வரும் ஏற்றத்தாழ்வால் ஒவ்வொரு லோடிலும் ஷீட்டின் எடை சற்று மாறும். அதனால் பில்லில் உள்ள கிலோவைக் கொண்டு விலையைப் போடுங்கள், இறக்கும்போது எண்ணிய ஷீட்டைக் கொண்டு இருப்பை ஏற்றுங்கள்.

மறுபடி பயன்படும் பிட்டுகளுக்கு அளவு வாரியாக நாலைந்து பொருள் எண் போதும். லாக்கர் பெட்டி வரும் அளவு, இழுப்பறை வரும் அளவு, அப்படி. அதற்கும் கீழே உள்ளதெல்லாம் பழைய இரும்பு, கிலோவில். ஒவ்வொரு பிட்டுக்கும் அளவெழுதிச் சேமிக்கப் போனால் பத்து நாளில் அந்தப் பழக்கம் நின்றுவிடும். நான் அந்தத் தவறைச் செய்து பார்த்தவன்.

கிரீஸ் விஷயம் எளிது. ஒரு பீரோவுக்கு 4 கிராம், இருப்பு அலகு கிலோ. 0.004 என்று வரும். உங்கள் மென்பொருளில் இரண்டு இலக்கம்தான் அனுமதி என்றால் அது 0.00. அலகைக் கிராம் ஆக்குங்கள், 4 என்று எழுதுங்கள், முடிந்தது. ஓடூவில் அளவுக்கு இயல்பாக இரண்டு தசமம்தான் வரும். எஸ்ஏபியில் மூன்று. டேலியில் அலகு உண்டாக்கும்போது நாலு வரை கொடுக்கலாம். ஆனால் அலகை மாற்றினாலே இலக்கத்தை மாற்ற வேண்டிய தேவை வராது. ஒன்று கவனியுங்கள்: ஒரு பொருளுக்கு இருப்பும் நடமாட்டமும் வந்துவிட்ட பிறகு அடிப்படை அலகை மாற்றப் பெரும்பாலான மென்பொருள் விடாது. பழைய பொருளை மூடிவிட்டுப் புதிய எண்ணில் கிராமாகத் தொடங்க வேண்டியிருக்கும். தேவை ஏற்படும் ஆரம்ப நாளிலேயே செய்துவிடுவது நல்லது.

பவுடர் கோட்டிங்குக்கும் இதே வழி, கூடவே ஒரு சங்கதி. பவுடரின் அடர்த்தி 1.5, பூச்சு 60 மைக்ரான் என்றால் சதுர மீட்டருக்கு 90 கிராம் ஒட்ட வேண்டும். தெளித்ததில் பத்துக்கு ஆறு பங்குதான் ஒட்டுகிறது, மீதியைத் திரும்ப எடுப்பதில்லை என்றால் செலவு 150 கிராம். உள்ளும் புறமுமாக 12 சதுர மீட்டர் வரும் பீரோவுக்கு 1.8 கிலோ. இதை 25 கிலோ பெட்டிக் கணக்கில் 0.072 பெட்டி என்று எழுதி, அது 0.07 ஆகச் சுருங்கினால், 100 பீரோவுக்கு 5 கிலோ குறையும். 1800 கிராம் என்று எழுதினால் குறையாது. சங்கதி என்னவென்றால், நிறம் மாற்றும்போது பவுடர் தெளிக்கும் பூத்தைக் கழுவித் துடைப்பதில் கொஞ்சம் பவுடர் போகும். அது ஐந்து பீரோவுக்கும் அதே அளவு, ஐம்பது பீரோவுக்கும் அதே அளவு. இதை ஒரு பீரோவுக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதினால் சின்ன ஆர்டரில் குறையும், பெரிய ஆர்டரில் கூடும். எஸ்ஏபியில் பிஓஎம் வரியில் "நிலையான அளவு" என்று ஒரு குறி இருக்கிறது, ஆர்டர் எத்தனை எண்ணமானாலும் அந்த வரி பெருகாது. அந்த வசதி இல்லாத மென்பொருளில் நிற மாற்றத்தையே தனியாக ஒரு ஸ்டோர் சிட்டையாகப் போட்டுவிடுங்கள்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் சீக்கிரமே வந்து கதவைத் தட்டப்போகும் ஒன்றைச் சொல்கிறேன். எதை முழுதாக்குவது என்பதைவிட எங்கே முழுதாக்குவது என்பது முக்கியம். பத்து கடைக்காரர்கள் ஆளுக்கு ஐந்து பீரோ கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் தனித்தனியே பைப்பை மேலே முழுதாக்கினால் பத்து பைப். எல்லாவற்றையும் கூட்டி 50 பீரோவுக்கு ஒரே தடவை முழுதாக்கினால் நாலு பைப். நாலுதான் சரி, ஏனென்றால் முதல் ஆர்டரில் மிஞ்சிய கம்பி அடுத்த ஆர்டருக்குப் போகும். நான் பயன்படுத்திய ஓடூ பதிப்புகளில் உற்பத்தி ஆர்டரின் ஒவ்வொரு வரியும் அலகின் துல்லியத்துக்கு மேல் நோக்கித்தான் முழுதாகும். அலகின் துல்லியத்தை 1 என்று, அதாவது முழு எண் மட்டும் என்று, வைத்துவிட்டு, சின்னச் சின்ன ஆர்டராகப் போட்டுக்கொண்டே போனால் ஸ்டோர் நிரம்பும். ஒரு பிஓஎம்முக்குள் இன்னொரு பிஓஎம் வரும் பலபடிப் பிஓஎம்மில் ஒவ்வொரு படியிலும் முழுதாக்கினால் பிழை படிக்குப் படி பெருகும்.

ஆனால் எல்லாவற்றையும் கூட்டிவிட்டுத்தான் முழுதாக்க வேண்டும் என்றும் விதி போட்டுவிட முடியாது. தனி லாக்கர் பெட்டி விற்கிறீர்கள், ஓர் அட்டைப்பெட்டியில் ஆறு அடங்கும் என்று வையுங்கள். மூன்று கடைகள், ஆளுக்கு எட்டு. கூட்டினால் 24, நாலு அட்டைப்பெட்டி. உண்மையில் வேண்டியது ஆறு. ஆத்தூர் கடைக்குப் போகும் பெட்டியில் மீதியிருக்கும் இடத்தை ஓமலூர் கடைக்குப் பயன்படுத்த முடியாதே. இங்கே ஒவ்வொரு ஆர்டரிலும் முழுதாக்க வேண்டும். மிச்சம் அடுத்தவருக்குப் போகுமா, போகாதா? ஒவ்வொரு பொருளுக்கும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள், எங்கே முழுதாக்குவது என்று தெரிந்துவிடும். பைப் போகும், அட்டைப்பெட்டியின் காலி இடம் போகாது. கடைக்காரர் பைப்பைக் கட்டாகத்தான் கொடுப்பார் என்றால் அந்த முழுதாக்கல் கொள்முதல் படியில் மட்டும் நடக்கட்டும், பிஓஎம்முக்குள் வர வேண்டாம்.

உடைசல் கணக்கையும் அளவோடு கலக்காதீர்கள். நூறு கண்ணாடியில் மூன்று உடைகிறது என்று 1.03 கண்ணாடி என்று எழுதியிருந்த ஒரு பிஓஎம்மைப் பார்த்தேன். பத்து பீரோ ஆர்டருக்கு 10.3, ஆகவே 11. பத்து ஆர்டர் போட்டால் பத்து கண்ணாடி கூடுதலாக வெளியே வந்து நிற்கும், உடைவது மூன்றுதான். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர்களிடம் இதைக் கற்றுக்கொள்ளலாம். கொலுசின் எடை வேறு, சேதாரம் வேறு, இரண்டையும் தனித்தனி வரியில்தான் எழுதுவார்கள். ஒன்றாக்கி எழுதினால் எவ்வளவு வெள்ளி கொலுசில் போயிற்று, எவ்வளவு பட்டறையில் போயிற்று என்று பிறகு பிரிக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். மென்பொருளிலும் சேதார சதவீதத்துக்குத் தனிக் கட்டம் இருந்தால் அதில் எழுதுங்கள். இல்லாவிட்டால் பிஓஎம்மில் 1 என்றே வைத்து, கண்ணாடிக்குக் குறைந்தபட்ச இருப்பு நாலு என்று வையுங்கள். உடைந்ததை உடைந்த அன்றே தனியாகக் கழியுங்கள்.

பின்னம் இன்னொரு வேடத்திலும் வரும். நூறு பீரோவில் அறுபதுக்குத்தான் கண்ணாடி கேட்கிறார்கள் என்று பிஓஎம்மில் 0.6 கண்ணாடி எழுதுகிறார்கள். அடுத்த மாதத்துக்கு எத்தனை கண்ணாடி சொல்லிவைப்பது என்ற மதிப்பீட்டுக்கு அது சரியான எண். அதே பிஓஎம்மை வைத்து உற்பத்தி ஆர்டர் போட்டால் ஸ்டோர்காரர் 0.6 கண்ணாடி வெளியே கொடுக்க வேண்டும். மதிப்பீட்டுப் பட்டியலை ஒரு பொருளாகவும், கண்ணாடி வைத்த பீரோ, வைக்காத பீரோ இரண்டையும் தனித்தனிப் பொருளாகவும் வைத்துக்கொள்ளுங்கள். டிரில் பிட்டு, அறுக்கும் பிளேடு போன்றவற்றை பிஓஎம்மில் பின்னமாக எழுதுவதே வேண்டாம். இருப்பு இத்தனைக்குக் கீழே போனால் வாங்கு என்றால் போதும்.

எல்லாப் பின்னத்தையும் விகிதமாக்கிவிடலாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். நம் மாவட்டத்து ஜவ்வரிசி ஆலையில் இது நடக்காது. மரவள்ளிக் கிழங்கில் எவ்வளவு மாவு இருக்கிறதோ அதைப் பாயிண்ட் கணக்கில் பார்த்துத்தான் விலையே பேசுகிறார்கள். லோடுக்கு லோடு பாயிண்ட் மாறும். அங்கே ஒரு மூட்டை ஜவ்வரிசிக்கு இத்தனை கிழங்கு என்று நிலையாக ஒரு எண்ணை எழுதிவிட்டு அதன் எட்டாவது இலக்கத்தைப் பற்றிக் கவலைப்படுவதில் அர்த்தமே இல்லை, முதல் இலக்கமே லோடுக்கு லோடு ஆடுகிறது. அவர்கள் ஒவ்வொரு லோடின் பாயிண்டையும் பதிந்து, அதை வைத்துத் தேவையைக் கணக்கிட வேண்டும். ஏற்காட்டுக் காப்பியை வறுப்பவர்களுக்கும் இப்படித்தான், கொட்டையின் ஈரத்துக்கும் வறுவலின் கருமைக்கும் தக்கபடி எடை இறங்கும். பீரோ பட்டறைக்கு அந்தக் கஷ்டம் இல்லை. உங்கள் பின்னங்கள் எல்லாம் சாக்பீஸ் கோட்டில் அடங்கக்கூடியவை.

ஆகவே இப்படித் தொடங்குங்கள். அளவில் புள்ளி வைத்த எல்லா பிஓஎம் வரிகளையும் மென்பொருளிலிருந்து இறக்கி ஒரு தாளில் அச்செடுங்கள். எண்ணம் என்ற அலகில் புள்ளி வந்திருக்கும் வரிகளை மட்டும் முதலில் எடுங்கள், முப்பது நாற்பதுக்கு மேல் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் மேஸ்திரியை உட்காரவைத்து, "ஒரு முழுசில் எத்தனை வரும்" என்று கேட்டு எழுதுங்கள். ஒன்றில் எவ்வளவு போகும் என்று கேட்காதீர்கள், அதற்கு அவர் யோசித்து ஒரு மதிப்பைச் சொல்வார். எத்தனை வரும் என்று கேட்டால் கண்ணால் பார்த்த எண்ணைச் சொல்வார். வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர்காரரும் நீங்களும் அளவு நாடாவுடன் சுவரோரத் துண்டுகளைப் பிரித்து, முழு ஷீட் 0 என்று இருப்பைத் திருத்துங்கள். பயன்படும் பிட்டுகளைப் புதிய எண்களில் ஏற்றுங்கள், மீதியை எடை போட்டுப் பழைய இரும்பில் சேருங்கள். அந்த 1.4 ஷீட்டின் மதிப்பில் பிட்டாக ஏறியது போக மீதி அந்த மாதம் நட்டமாகத் தெரியும். அது அந்த மாத நட்டமல்ல, ஆறு மாதமாகச் சேர்ந்தது என்று உங்கள் ஆடிட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸ்டோர்காரரிடமும் சொல்லுங்கள், அவர் தலையில் அது விழக் கூடாது.

அதன்பிறகு, மென்பொருளில் சோதனைக்கென்று தனியாக ஒரு கம்பெனியை உண்டாக்கி, ஹேங்கர் கம்பி இருப்பைப் பூஜ்யமாக வைத்து, அதில் 1 பீரோ, 13 பீரோ, 14 பீரோ, 130 பீரோ என்று நாலு ஆர்டரைத் தனித்தனியே ஓட்டிப் பாருங்கள். பைப் தேவை 1, 1, 2, 10 என்று வர வேண்டும். 13க்கு 2 என்று வந்தால் ஏதோ ஒரு வரியில் 0.077 இன்னும் உட்கார்ந்திருக்கிறது, அதைத் தேடி எடுங்கள்.